இரும்புக்கும் அமாவாசை

சென்ற வாரம் செங்கோட்டையனின் டிராக்டர் ஓடவில்லை. அதற்கு முந்தைய வாரமும் ஓடவில்லை. தொடர்ந்து படித்து வருபவர்களுக்கு இது தெரியும். புதிதாக வருபவர்கள் பெரிதாக எதையும் தவறவிட்டுவிடவில்லை.

மாசி மாதத்தில் ஏற்காட்டு மலையில் ஒரு காப்பித் தோட்டத்துக் கொட்டகையிலிருந்து அதை லாரியில் இறக்கிக்கொண்டு வந்தார். தோட்டத்துத் துரை சீமைக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. பதினோரு வருஷமும் டிராக்டர் நின்ற இடத்திலேயே நின்று துருப்பிடித்தது. காற்று போகிற குழாய்க்குள் எலி குடும்பம் நடத்தியது.

கோட்டைவலசில் அதற்கு முன் யாரும் டிராக்டர் வாங்கியதில்லை. ஆகையால் எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தவரும் இல்லை. செங்கோட்டையன் தமக்குத் தெரிந்த முறையில் பார்த்தார். சுற்றி வந்தார், விலாவில் தட்டினார், நெற்றியிலும் முதுகிலும் கெட்ட சுழி ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். இல்லை. திருப்தியாகிவிட்டது.

அதற்காக மயிலை, செவலை இரண்டு எருதுகளையும் விற்றார். வாங்கியவர் அடுத்த காட்டுக்காரர், அவர் மனைவி ஆத்தாயியின் தம்பி, சின்னண்ணன். இதில் ஒரு வசதி உண்டு. விற்ற மாடுகள் உழுவதைத் தினமும் வரப்பில் நின்றே பார்க்கலாம்.

பிறகு நான்கு மாதம் வைத்தியம். சேலத்து லாரிப் பட்டறையிலிருந்து செபஸ்தியான் மேஸ்திரி சனிக்கிழமைதோறும் வந்தார். இறுகிப்போன பிஸ்டனை ஆமணக்கெண்ணெயிலும் மண்ணெண்ணெயிலும் ஒரு மாதம் ஊறவைத்தார். ஓட்டை ரேடியேட்டரை அம்மாபேட்டையில் அண்டா அடைக்கிறவர் ஒருவர் ஈயம் வைத்து அடைத்துக் கொடுத்தார். நெருப்புப் பொறி தட்டும் மேக்னெட்டோ சேலத்துக்குப் போய்க் கம்பி சுற்றி வந்தது. இத்தனையும் ஆத்தாயி ஒரு வார்த்தையில் சொல்வாள்: "சவத்துக்கு நலுங்கு வெக்கறாங்க."

இந்த நிலையில்தான் வெள்ளிக்கிழமை மழை பெய்தது.

நல்ல மழை. அவர்களுடைய செங்காடு நான்கு ஏக்கரும் ஒரு சாண் ஆழத்துக்கு நனைந்தது. அன்று சாயங்காலமே ஆத்தாயி விதைக் கடலைக்காயை உடைக்க உட்கார்ந்துவிட்டாள். சனிக்கிழமையும் உடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு உடைத்தாள். போன வருஷம் மழை பொய்த்த பிறகு வீட்டில் மிஞ்சியிருந்த விதை அவ்வளவுதான். உடைத்த பருப்பைத் திரும்பத் தோட்டுக்குள் வைத்து மூட முடியாது. நாள் போனால் முளைப்பு போய்விடும்.

அந்த மண்ணுக்கு ஈரம் செவ்வாய்க்கிழமை பொழுது சாய்கிற வரை தாங்கும். அதற்குள் விதை உள்ளே போனால் அந்த வருஷம் அவர்கள் காட்டுக்காரர்கள். போகாவிட்டால் கூலிக்காரர்கள்.

ஞாயிற்றுக்கிழமை செபஸ்தியான் ஆயுதத்தைத் தொடவில்லை. காலை பஸ்ஸில் நாமக்கல் போய் மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு, மாலை பஸ்ஸில் வெள்ளைச் சட்டையோடு திரும்பி வந்து, டிராக்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மேஸ்திரி, அந்த ஒரு மறையை மட்டும் முடுக்கிடுங்க" என்று செங்கோட்டையனின் மகன் தங்கசாமி கெஞ்சினான்.

"இன்னைக்கு என் பொஞ்சாதி கூப்பிட்டாக்கூட மறை முடுக்க மாட்டேன், தம்பி. நாளைக்கு."

நாளைக்கு என்பது திங்கட்கிழமை.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அது எழுந்தது.

"கட்டைவிரலைச் சுத்திப் பிடிக்காதே. மத்த விரலோட ஒட்டி வை. உதைச்சுதுன்னா மணிக்கட்டு போயிடும்" என்று சொல்லிவிட்டுச் செபஸ்தியான் முன்பக்கத்து இரும்புப் பிடியைச் சுற்றினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது சுற்றில் டிராக்டர் இருமியது. ஐந்தாவதில் ஒரு கூடைக் கரியையும், எலிக்கூட்டில் மிச்சமிருந்ததையும் வெளியே தள்ளிவிட்டு ஓடத் தொடங்கியது. மாட்டுக்கொட்டாய் கூரை அதிர்ந்தது. கோழிகள் வேலி தாண்டின. ஊரில் பாதி வந்துவிட்டது. வராத பாதிக்குச் சத்தம் போய்ச் சேர்ந்தது.

செங்கோட்டையன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முகம் முழுவதையும் துடைக்காமல் கண்ணை மட்டும் துடைத்தார்.

செபஸ்தியானுக்கு ஒரு மணி பஸ். பட்டறையில் ஒரு லாரி பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. "எழுதிக்கோ தம்பி" என்றார். தங்கசாமி ஊரில் பத்தாவது முடித்த மூன்று பேரில் ஒருவன். எழுதக் காகிதம் தேடினான். கையில் அகப்பட்டது சின்னண்ணன் மகள் வசந்தாமணியின் கலியாணப் பத்திரிகை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. மாப்பிள்ளையின் பெயர் இருக்கும் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தங்கசாமிக்குத் தைரியமில்லாததால், பின்பக்கம் மட்டும் அவனுக்குப் பழக்கமாயிருந்தது. அது காலியாகவும் இருந்தது.

"ஒண்ணு. பெட்ரோல்ல எழுப்பு. ரெண்டு. ரேடியேட்டர் கை பொறுக்காத சூடு வந்தப்புறம் மண்ணெண்ணெய்க்கு மாத்து. மூணு. எண்ணெய் அளவு. நாலு. தண்ணி. அஞ்சு..."

ஐந்துவரை எழுதினான். மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். மேஸ்திரி பஸ்ஸுக்கு ஓடினார்.

டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. தங்கசாமி கை வைத்துச் சூடு பார்த்து, மண்ணெண்ணெய்க்கு மாற்றினான். ஏறி உட்கார்ந்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்க் காட்டோரத்தில் கலப்பைக்கு முன்னால் நிறுத்தினான். ஆத்தாயி விதைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

வரப்பில் சின்னண்ணன் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஏர் அன்று காட்டில் இல்லை. யார் ஏரும் காட்டில் இல்லை.

"மச்சான்" என்று கூப்பிட்டார். "என்ற மாடு ரெண்டும் அமாவாசைன்னு படுத்துக் கெடக்குதுங். உங்களது மட்டும் எந்திரிச்சிருச்சாட்ட இருக்குது?"

செங்கோட்டையன் கலப்பையைப் பூட்டக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றார்.

மாதத்தில் ஒரு நாள், அமாவாசையன்று, அந்தப் பக்கத்தில் யாரும் ஏர் பூட்டுவதில்லை. மாட்டின் கழுத்துக்கு அது ஓய்வு. நான்கு மாதமாக மாடு இல்லாத வீட்டில் அமாவாசையை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

"நிறுத்துடா" என்றார்.

"என்னங்கப்பா?"

"நிறுத்து. இன்னிக்கு அமாவாசை."

தங்கசாமி சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் இறங்கி வந்தான். "அமாவாசை மாட்டுக்குங்கப்பா. இது இரும்பு. இதுக்கு எங்கீங்க கழுத்து?"

"மாட்டுக்குப் பதிலாத்தானே இதை வாங்குனோம்?"

"ஆமாங்."

"அப்ப மாட்டுக்கு உள்ளது இதுக்கும் உண்டு."

"அப்படின்னா பருத்திக்கொட்டை வெக்கறதுங்களா?"

வரப்பிலிருந்து சின்னண்ணன், "தவுடும் வெச்சுப் பாரு மாப்ளே" என்றார்.

அப்போது ஆத்தாயி பேசினாள். நான்கு மாதமாக அந்த டிராக்டரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள். எருதுகளை ஓட்டிக்கொண்டு போன அன்று சோறு பொங்காதவள். "ஓட்டுங்க" என்றாள்.

மூன்று ஆண்களும் திரும்பினார்கள்.

"ஓட்டுங்கன்னா ஓட்டுங்க. மூணு நாளா வெரலு தேய உடைச்சு வெச்சிருக்கறனுங்க. நாளைக்குன்னு தள்ளுனா நாளைக்கு எத்தனை வேளை ஈரம் இருக்கும்?"

"உனக்குத் தெரியாதா ஆத்தா?" என்றார் செங்கோட்டையன். மெதுவாகத்தான் சொன்னார். மனைவியை ஆத்தா என்று அவர் கூப்பிடுவது வருஷத்துக்கு ஒரு முறை நடந்தால் அதிகம்.

அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதேபோல் ஆனி மாதம், இதேபோல் ஈரம். அமாவாசை என்று தெரிந்தே செங்கோட்டையன் ஏரைப் பூட்டினார். விதைத்தார். நன்றாக முளைத்தது. அந்த வாரம் பெண் பொன்னாயிக்குக் காய்ச்சல் கண்டது. ஏழு வயது. மூன்றாம் நாள் வண்டி பூட்டி நாமக்கல்லுக்குக் கொண்டு போனார்கள். பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

அந்த வருஷம் கடலைக்காய் அமோக விளைச்சல்.

ஆத்தாயி விதைக்கூடையை இறக்கி வைத்தாள். அருகில் வந்தாள். டிராக்டர் சத்தத்தில் சின்னண்ணனுக்குக் கேட்டிருக்காது. தங்கசாமிக்குக் கேட்டது.

"பன்னெண்டு வருசமா இதைத்தான் சொமந்துட்டு இருக்கறீங்களா? நான் ஒரு நாளாச்சும் உங்களை ஒரு வார்த்தை சொல்லியிருப்பனா?"

"சொல்லலே. சொல்லியிருந்தீன்னா ஒரு சண்டையோட போயிருக்கும்."

ஆத்தாயி கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

"நாளைக்குக் கருக்கல்ல பூட்டிக்கலாம். ஓடற வண்டிதானே? ஒரே நாள்ல நாலு ஏக்கரும் முடிஞ்சுரும்" என்று செங்கோட்டையன் யாரையும் பார்க்காமல் சொன்னார். "கொண்டு போய் நிறுத்துடா."

தங்கசாமி ஏறினான். இவ்வளவு கோபத்தோடு ஒரு வண்டியை ஓட்டியவன் அந்தத் தாலுகாவில் அதுவரை இருந்திருக்கமாட்டான். பழைய மாட்டுக்கொட்டாய்க்குள் கொண்டு போய்ச் செருகினான். மயிலையின் முளைக்குச்சி நட்டிருந்த இடத்துக்கு முன்சக்கரம் வந்ததும் பொசுக்கென்று சாவியைத் திருகி அணைத்தான். இறங்கி நடந்தான். சட்டைப் பையில் பத்திரிகை இருந்தது.

செவ்வாய்க்கிழமை விடிகிறபோது அவன்தான் முதலில் பிடியைச் சுற்றினான்.

ஐந்தாவது சுற்றில் எழவில்லை. பத்தாவதில் எழவில்லை. இருபதுக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டான். நேற்றுபோல் இருமக்கூட இல்லை. வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு பேச மறுப்பவனைப்போல் இருந்தது.

"தள்ளு" என்று செங்கோட்டையன் வந்தார். அவர் சுற்றினார். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்திருந்தார். ஒரே ஒரு தடவை உள்ளே ஏதோ வெடித்துப் பிடி பின்னோக்கி உதைத்தது. விரல் அங்கேயே வீங்கியது. இடது கையால் சுற்றினார். அதுவும் முடியாமல் போனதும் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஊர் முழுக்க ஏர்கள் இறங்கிவிட்டன. நேற்று ஓய்ந்திருந்த மாடுகளெல்லாம் இன்று சுறுசுறுப்பாயிருந்தன. கூலி ஏர் கேட்டுத் தங்கசாமி நான்கு காட்டுக்கு ஓடினான். நான்கு காட்டிலும் ஒரே பதில்: "எங்களுதை முடிச்சுட்டு நாளைக்கு வாரோம், சாமி." நாளைக்கு ஈரம் இருக்காது என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் இன்று விட முடியாது.

அவன் திரும்பி வந்தபோது அப்பா அதே இடத்தில்தான் இருந்தார்.

"மேஸ்திரிக்குத் தந்தி குடுக்கட்டுங்களா?"

"வேண்டாம். அதும் மேல தப்பில்லே. அமாவாசையன்னிக்கு எழுப்பிட்டோம் பாரு, அதான்." வீங்கிய விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பூட்டலேன்னா சரியாப் போச்சுன்னு நெனச்சேன். எழுப்புனதே பூட்டுனதுதான். இன்னொருக்காவும் நானேதான் பண்ணியிருக்கறேன்."

தங்கசாமிக்கு அதில் ஏதோ தவறு என்று தோன்றியது. என்ன தவறு என்று தெரியவில்லை.

எட்டு மணிக்கு ஆத்தாயி தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சின்னண்ணனுடைய காடு சிறியது. அவரிடம் இப்போது இரண்டு ஜோடி மாடு. ஒன்றை விடலாம். இரண்டு எருதுகளும் வாசலுக்கு வெளியே கயிற்றோடு நின்றன.

"அக்கா இரவலுக்குக் கேக்க வந்துச்சுங்" என்றார் சின்னண்ணன். "இரவல் வேண்டாங் மச்சான். நீங்களே வெச்சுக்கங்க. திரும்பக் கேக்க மாட்டேன். அந்த வண்டி எனக்கு."

"உனக்கு எதுக்கு மாப்ளே? ஓடாது."

"ஓட வேண்டாங். நாமக்கல்லுல லாரிக்குக் கூடு கட்டறவங்க பழைய இரும்பு எடுக்கறாங்க. நாளைக்கே ஆளு வரும்."

சிரிக்காமல்தான் சொன்னார். கேலி செய்ய வேண்டிய நேரத்தில் அவர் கேலி செய்யாதது செங்கோட்டையனை இன்னும் சுருக்கியது.

"மாடு வாசல் தாண்டுச்சுன்னா வண்டி உன்னுது" என்றார்.

"அப்பா!" என்றான் தங்கசாமி.

"பேச்சு முடிஞ்சுது."

செவலை தயங்கியது. மயிலை தயங்கவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி, நேராகக் கொட்டாய்க்குள் போய், தன் பழைய முளைக்குச்சி இருந்த இடத்தைத் தேடியது. அங்கே டிராக்டர் நின்றது. மயிலை ரேடியேட்டரில் மூக்கை வைத்து, அது நகரும் என்று காத்துக்கொண்டு நின்றது. அது நகராதென்று மயிலைக்கு யாரும் சொல்லவில்லை. செங்கோட்டையன் போய்க் கழுத்தைத் தடவி வெளியே ஓட்டிக்கொண்டு வந்தார்.

ஏர் இறங்கியது. அவர் இடது கையால் மேழியைப் பிடித்தார். பின்னால் ஆத்தாயி உழவுச் சாலில் ஒவ்வொரு விதையாகப் போட்டுக்கொண்டு நடந்தாள். சின்னண்ணன் வரப்பில் நின்று வெயிலைப் பார்த்தார். ஒரு ஏர் பொழுது சாய்வதற்குள் ஒரு ஏக்கர் உழும். மிச்சம் மூன்று ஏக்கருக்கான விதை வீட்டில் முறத்திலும் கூடையிலும் இருந்தது.

தங்கசாமி கொட்டாய்க்குள் தனியாக நின்றான். சட்டைப் பையில் கையை விட்டான். பத்திரிகையை எடுத்தான். தவறி முன்பக்கம் திரும்பியது. மாப்பிள்ளையின் பெயரை இப்போது படித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. படித்தான். பிறகு பின்பக்கம் திருப்பினான்.

அஞ்சு. நிறுத்தும் முன் பெட்ரோலுக்கு மாற்றி ஐந்து நிமிஷம் ஓட விட வேண்டும். மண்ணெண்ணெயிலேயே அணைத்தால் கார்பரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நிற்கும். ஆறிய பிறகு எழாது. அப்படி ஆனால் அடியில் உள்ள சின்னப் பித்தளை மறையைக் கழற்றி வடித்துவிடவும்.

அவனுடைய கையெழுத்துத்தான். நல்ல கையெழுத்து.

இரண்டு தடவை படித்தான். அப்பா நிறுத்து என்றார். அணைத்தது அவன். அமாவாசைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தக் காகிதத்தை நேற்று எடுத்துப் பார்த்திருந்தால் இப்போது இரண்டு ஏக்கர் முடிந்திருக்கும். எட்டு மணிக்குப் பார்த்திருந்தாலும் அப்பா வண்டி உன்னுது என்று சொல்லியிருக்கமாட்டார். விடிகிறபோதே பார்த்திருந்தால், தரையில் உட்கார்ந்து, வீங்கிய விரலைப் பார்த்துக்கொண்டு, இன்னொருக்காவும் நானேதான் என்று சொன்னதும் வந்திருக்காது.

போய்ச் சொல்லிவிடலாம். "நான்தானுங்கப்பா, கோவத்துல" என்று இரண்டு சொல்தான். சாலின் முனைவரை நடந்து போனான். அப்பா ஏரோடு எதிரே வந்து, திரும்பிப் போனார். அம்மா அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த விதையைப் போட்டாள். அவன் கொட்டாய்க்கே திரும்பி வந்தான்.

மறை எங்கே இருக்கும் என்று தெரிந்தது. கழற்றினான். கிண்ணத்தில் நின்ற மண்ணெண்ணெய் அவன் உள்ளங்கையில் வடிந்து முழங்கைவரை ஓடியது. அவ்வளவுதான், ஒரு கை அளவு. மறையை மாட்டினான். பெட்ரோல் குழாயைத் திறந்தான். முன்னால் வந்து பிடியில் கை வைத்தான். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி வைத்தான்.

மாடு வாசல் தாண்டிவிட்டது. வண்டி இப்போது மாமாவுடையது. எழாவிட்டால் அது இரும்பு, நாளைக்கு ஆள் வரும். எழுந்துவிட்டால் மிச்சம் மூன்று ஏக்கர் இருக்கிறது. ஆனால் எழுந்துவிட்டால், நேற்று நிறுத்தச் சொன்னதும் இன்று கைமாற்றிக் கொடுத்ததும் வீண் என்று அப்பாவுக்கு அந்தச் சத்தமே சொல்லிவிடும்.

சுற்றினான்.

முதல் சுற்றிலேயே எழுந்தது.

கூரை அதிர்ந்தது. வரப்பில் சின்னண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். பக்கத்துக் காடுகளில் ஏர்கள் நின்றன. ஆத்தாயி கையில் எடுத்த விதையோடு திரும்பி, கொட்டாயைப் பார்த்தபடி நின்றாள். செவலை மிரண்டு, சாலின் நடுவே நின்றுவிட்டது.

செங்கோட்டையன் அதன் முதுகில் வீங்கிய கையை வைத்தார்.

"நட சாமி" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.